பக்கக்கோட்டைப் பார்க்கும் பதினொருவர்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ஒரு காட்சி திரும்பத் திரும்ப நிகழ்ந்துவருகிறது. பந்தை வைத்திருக்கும் அணி விரைந்து வந்து அணிவகுக்கிறது. நால்வரோ ஐவரோ மைதானத்தின் அகலம் முழுவதும் விரிந்து நிற்கிறார்கள். குவார்ட்டர்பேக் கையைத் தட்டுகிறான். எதிரணி பந்து வந்துவிட்டதென்று எண்ணிச் சற்றே அசைந்து தன் உள்நோக்கத்தைக் காட்டிவிடுகிறது. அடுத்த கணம் ஆட்டம் தொடங்கவேண்டும். தொடங்குவதில்லை. பதினொருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து, எதிராளியிடமிருந்து முகத்தைத் திருப்பி, பக்கக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளரைப் பார்க்கிறார்கள். அங்கே ஒருவர் படங்கள் ஒட்டிய பலகையைத் தூக்கிப் பிடிக்கிறார். இன்னொருவர் காதையும் தொப்பியையும் தொட்டுச் சைகை செய்கிறார். செய்தி வந்து சேர்ந்ததும் மீண்டும் குனிகிறார்கள்.

இதைத்தான் நவீன விரிநிலைத் தாக்குதலின் உச்சம் என்று ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். இதையே காட்டி, விரிநிலைத் தாக்குதல் என்பதே வெறும் வித்தை, அதில் ஆடுபவனுக்கு மூளை வேண்டியதில்லை என்று இன்னொரு சாரார் ஏளனம் செய்கிறார்கள். இரு சாராரையும் நாம் மறுக்கிறோம். மைதானத்தை விரித்ததன் நோக்கமே ஆடுபவன் பார்க்கவேண்டும் என்பதுதான். பார்க்கவேண்டிய கணத்தில் அவன் முகத்தைத் திருப்பவைப்பவர்கள், அந்த வடிவத்தின் தோலை எடுத்துக்கொண்டு உயிரை வெளியே வீசிவிட்டவர்கள்.

தமிழ் இலக்கியம் கற்பித்துக்கொண்டிருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி எழும். டெக்சாஸுக்கு மேற்படிப்புக்குச் சென்ற நம் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய ஆட்டப் பதிவுகளில் தொடங்கிய பழக்கம் இது. இன்று அவரைவிட நாமே அதிகம் பார்க்கிறோம் என்பது அவருடைய புகார். அவரோடு ஓயாமல் நடந்துவரும் வழக்கின் நீட்சிதான் இக்கட்டுரை. ஆடுவது பயிற்சியாளர், மாணவன் வெறும் பொம்மை என்பது அவர் கட்சி. பொம்மையாக்கியது வடிவமைப்பு அல்ல, அதைக் களவாடியவர்கள் என்பது நம் கட்சி.

ஆட்டத்தை அறியாத வாசகருக்குச் சில வரிகள். இந்தக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்து கையால் எறியப்படுகிறது, கையில் ஏந்தி ஓடப்படுகிறது. அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேறிவிட்டால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். பின்வரிசையில் நால்வருக்கு மேல் நிற்கக்கூடாது என்பதால் முன்வரிசையில் ஏழு பேர். அவர்களுள் நடுவில் நிற்கும் ஐவர் காவலர்கள். முன்னோக்கி எறியப்படும் பந்தை அவர்கள் பிடிக்க இயலாது. எறிபவன் குவார்ட்டர்பேக். எஞ்சுபவர் ஐவர். இந்த ஐவரை எங்கே நிறுத்துவது, எங்கே ஓடச்செய்வது என்பதில்தான் தாக்குதல் வடிவமைப்பின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

மைதானத்தின் அகலம் 160 அடி. பழைய பாணி ஆட்டம் இந்த அகலத்தைப் பெரிதும் வீணடித்தது. இருபத்திரண்டு உடல்களும் நடுவில் ஒரு கூடத்துக்குள் அடைந்துகொண்டு முட்டிமோதின. அங்கே வெல்வது எடையும் எலும்பும். எடையும் எலும்பும் உள்ள பையன்களையெல்லாம் அலபாமா, ஒஹையோ ஸ்டேட் போன்ற பெரும் பல்கலைக்கழகங்கள் பள்ளிப் பருவத்திலேயே அழைத்துக்கொண்டுவிடும். எஞ்சியவர்களை வைத்துக்கொண்டு அவர்களைப்போலவே முட்டப் புறப்படும் சிறிய அணி, தோல்வியைத் தவணை முறையில் வாங்கிக்கொண்டிருக்கிறது.

விரிநிலையின் கணக்கு வேறு. ஐவரை விளிம்புவரை விரித்து நிறுத்தினால் அவர்களுக்கு எதிராக நிற்கவேண்டியவர்களும் விரிந்தாகவேண்டும். விரிந்தவன் ஒளிய முடியாது. நடுவில் ஆறு பேர் இருக்கிறார்களா, ஏழு பேரா என்பதைப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடலாம். ஆறுக்கு மேல் இல்லையென்றால் பந்தை ஏந்தி ஓடலாம். ஏழு என்றால் வெளியே எங்கோ ஓர் ஆள் குறைகிறான், அங்கே எறியலாம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பந்தை வைக்கும் இடத்தைக் காட்டும் இரு ஹேஷ் கோடுகளுக்கு இடையே தொழில்முறை லீக்கில் பதினெட்டரை அடிதான் தூரம். கல்லூரி மைதானத்தில் அது 40 அடி. அதாவது பந்து ஒரு கோட்டில் இருக்கும்போது ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. அந்த நூறு அடியைக் காக்க எத்தனை பேரை அனுப்புவது என்று எதிரணி ஒவ்வொரு முறையும் முடிவுசெய்தாகவேண்டும்; அந்த முடிவு வெட்டவெளியில் தெரியும். நம் விமர்சகர்கள் பத்திக்குப் பத்து முறை புழங்கும் ‘வெளி’ என்ற சொல்லுக்கு இங்கே அடிக்கணக்கில் அளவு உண்டு என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி.

முன்னோக்கி எறிவது 1906இல்தான் சட்டபூர்வமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டில் மைதானங்களில் நேர்ந்த மரணங்கள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டையே தலையிடவைத்தன. நெரிசலைக் குறைத்து உயிர்காக்கச் செய்த சீர்திருத்தங்களுள் ஒன்றாகவே எறிதல் வந்தது. வந்தபோதே விலங்கோடுதான் வந்தது: எறிந்த பந்தை எவர் கையும் தொடாமல் தரையில் விழவிட்டால் பந்தையே எதிரணிக்கு இழக்கவேண்டும் என்று விதி. முட்டுவது ஆண்மை, எறிவது ஏமாற்று என்ற மனோபாவம் அன்றே விதிப்புத்தகத்தில் ஏறிவிட்டது. விதி மாறி நூறாண்டு கடந்தும் மனோபாவம் இறங்கவில்லை. டச் மேயர் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் விரித்து ஆடி, 1952இல் அதுபற்றி நூலே எழுதினார். ஒஹையோவின் மிடில்டவுனில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளராக இருந்த டைகர் எல்லிசன் 1965இல் தம் முறையை நூலாக்கினார். ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் சிரித்தார்கள், சில ஆண்டுகள் தோற்றார்கள், பிறகு ஓசையின்றிக் கடன் வாங்கினார்கள்.

நாம் இங்கே வாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் வடிவம் ‘ஏர் ரெய்ட்’ என்று பெயர்பெற்றது. 1989இல் ஹால் மம்மி அயோவா மாநிலத்தின் மவுன்ட் பிளெசன்ட் என்ற சிற்றூரில், அயோவா வெஸ்லியன் என்ற சின்னஞ்சிறு கல்லூரிக்குப் பயிற்சியாளராகச் சென்றார். முந்தைய ஆண்டில் அந்த அணி ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. அவருக்குத் துணையாக வந்தவர் மைக் லீச். லீச் கல்லூரி அளவில் இந்த ஆட்டத்தை ஆடியவரே அல்லர். பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். இருவரும் யூட்டாவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்து லாவெல் எட்வர்ட்ஸின் எறிதல் முறையைப் பாடம் கேட்டார்கள். 1984இல் தேசிய வாகை சூடிய முறை அது. கேட்டதோடு எதையும் கூட்டவில்லை. வெட்டினார்கள். ஆட்டப் புத்தகங்கள் தலையணைக் கனத்துக்குப் பெருத்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு டஜன் ஆட்டங்களுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, புத்தகத்தையே ஒழித்தார்கள். பிற்காலத்தில் லீச் பக்கக்கோட்டில் நிற்கும்போது அவர் கையிலிருந்தது மடித்த ஒரு துண்டுத்தாள். இப்போது லீச் இல்லை. 2022 டிசம்பரில் மறைந்தார். அயோவா வெஸ்லியனும் இல்லை. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அக்கல்லூரி 2023 மே மாதத்தில் மூடப்பட்டது.

குறைத்ததால் என்ன கிடைத்தது என்பதைப் பார்க்க ‘மெஷ்’ என்ற ஒற்றை ஆட்டம் போதும். வலப்புறமிருந்து ஒரு ரிசீவரும் இடப்புறமிருந்து ஒரு ரிசீவரும் சுமார் ஆறு கஜ ஆழத்தில் நடுவை நோக்கிக் குறுக்கே ஓடி ஒருவரையொருவர் கடக்கிறார்கள். கடக்கும்போது கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் நெருக்கம் வேண்டும். பயிற்சியில் உண்மையாகவே கையைத் தட்டிக்கொள்ளச் சொல்வார்கள். எதிரணி ஆளுக்கு ஆள் என்று துரத்திவந்தால், துரத்துபவர்கள் அந்த நெருக்கத்தில் ஒருவரோடொருவர் இடறுவார்கள். அப்போது ரிசீவர் நிற்காமல் ஓடவேண்டும். எதிரணி ஆளை விட்டு இடத்தைக் காத்து நின்றால், இரு காவலர்களுக்கு நடுவிலுள்ள சந்தில் ரிசீவர் வேகத்தைக் குறைத்து நின்று, குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்பவேண்டும். இவர்களுக்கு மேலே ஒருவன் மூலையை நோக்கி ஓடுகிறான். பின்வரிசை ஓட்டக்காரன் பக்கவாட்டில் நழுவுகிறான். தாளில் இருப்பது ஓர் ஆட்டம். களத்தில் அது இரண்டு. இரண்டில் எது என்பதை முடிவுசெய்பவன் ஓடிக்கொண்டிருப்பவன். அவன் என்ன முடிவுசெய்வான் என்பதை அதே கணத்தில் அதே காட்சியைப் பார்த்து எறிபவன் அறிந்துகொள்கிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. இதைப் பொம்மையாட்டம் என்று எவர் சொல்ல முடியும்?

‘ஆறு’ என்ற எண்ணால் அழைக்கப்பட்ட இன்னோர் ஆட்டத்தில் நால்வர் நான்கு தடங்களில் நேராக மேலே ஓடுகிறார்கள். வரைபடத்தில் நான்கு நேர்க்கோடுகள். ஒரு குழந்தைகூட வரைந்துவிடும். ஆனால் கோடு முடியும் இடத்தில் விதி தொடங்குகிறது: எதிராளி இல்லாத புல்லை நோக்கிப் போ. பின்காவலன் ஆழமாகப் பின்வாங்கினால் முன்னால் வளைந்து நில். அவன் நடுவை விட்டகன்றால் நடுவில் நுழை. முன்வரிசைக் காவலர்களின் இடைவெளியும் இப்படித்தான். தோளை ஒட்டி நிற்பதே வழக்கம். லீச்சின் அணிகளில் அவர்களுக்கிடையே ஓர் ஆள் நடந்துபோகலாம்போல் தோன்றும் இடைவெளி இருக்கும். முதன்முறை பார்த்தபோது, வேண்டுமென்றே கோட்டைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்களே என்று நாமும் திகைத்தோம். விளிம்பிலிருந்து பாய்ந்துவரும் எதிராளி அதனால் இன்னும் தொலைவிலிருந்து புறப்பட்டாக வேண்டியிருக்கிறது. நடுவழியே வர நினைப்பவன் வருவது குவார்ட்டர்பேக்கின் கண்ணெதிரே நடக்கிறது. எறிவதற்குச் சாளரங்கள் கிடைக்கின்றன. எல்லாமே பார்வைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

பார்வை சும்மா வருவதில்லை. கல்லூரி அணிக்குப் பருவகாலத்தில் என்.சி.ஏ.ஏ. அனுமதிக்கும் பயிற்சி வாரத்துக்கு இருபது மணிநேரம். அதற்குள் உடற்பயிற்சி, கூட்டம், ஆட்டப்பதிவு பார்ப்பது எல்லாம் அடங்கவேண்டும். தொழில்முறை ஆட்டக்காரனுக்கு இது முழுநேர உத்தியோகம். இவனோ மறுநாள் வேதியியல் வகுப்புக்குப் போகவேண்டியவன். இந்த இருபது மணிநேரத்தை நூறு ஆட்டங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றையும் அரைகுறையாகச் செய்யலாம். இருபதுக்குப் பங்கிட்டால் கை அறியும். ஏர் ரெய்ட் பயிற்சியில் ஒரு முறை உண்டு: எதிரணியே இல்லாமல், ஐந்து ரிசீவர்கள் ஓர் ஆட்டத்தை ஓடுவார்கள், பல குவார்ட்டர்பேக்குகள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் ஆளுக்கொருவருக்கு எறிவார்கள். அடுத்த முறை எறிபவர்கள் இடம் மாறுவார்கள். ஓடிய ஒவ்வொருவனும் ஒவ்வொரு முறையும் பந்தைப் பிடிக்கிறான். ஒருவன் பிடிக்க நால்வர் வெறுமனே ஓடும் வழக்கமான பயிற்சியோடு ஒப்பிட்டால், ஒரு வாரத்தில் கையில் விழும் பந்துகளின் வித்தியாசம் எவ்வளவு என்று வாசகரே பெருக்கிப் பார்க்கலாம். இடப்புற ரிசீவர் எப்போதும் இடப்புறம், வலப்புறத்தான் எப்போதும் வலப்புறம் என்று வைத்ததும் இந்தச் சிக்கனத்தைச் சேர்ந்ததே. வெண்பா கைவந்தவன் எழுதும்போது தளையை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு இன்னும் கைவரவில்லை.

இத்தனைக்கும் பிறகு வரும் முதல் குற்றச்சாட்டு, இது ‘அமைப்பின் வெற்றி’, ஆட்டக்காரனின் வெற்றி அன்று என்பது. இம்முறையில் ஆயிரக்கணக்கான கஜம் எறிந்த குவார்ட்டர்பேக்குகள் தொழில்முறை லீக்கில் எடுபடமாட்டார்கள் என்று கால் நூற்றாண்டு சொல்லிவந்தார்கள். அவர்களுக்குச் சாதகமாக ஒரு சான்று இருந்ததை ஒப்புக்கொள்கிறோம்: மம்மியின் கென்டக்கி அணியில் எறிந்த டிம் கவுச், 1999 தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, எதிர்பார்த்தபடி சோபிக்கவில்லை. ஆனால் 2016இல் ஜாரெட் காஃப், 2018இல் பேக்கர் மேஃபீல்டு, 2019இல் கைலர் மர்ரே ஆகிய மூவரும் இந்த மரபின் கல்லூரி அணிகளிலிருந்து முதல் ஆளாகத் தேர்வானவர்கள். டெக்சாஸ் டெக்கில் எறிந்த பேட்ரிக் மஹோம்ஸ் மூன்று சூப்பர் பௌல் வென்றுவிட்டார். குற்றம் சாட்டியவர்கள் ஒருவராவது தவறை ஒப்புக்கொண்டதாக நாம் படிக்கவில்லை. அடுத்த கட்டுரைக்கு நகர்ந்துவிட்டார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. எறிந்துகொண்டே இருக்கும் அணி புள்ளிகளைக் குவிக்கும், ஆட்டத்தை வெல்லாது என்பது. நம் மாணவர் இதற்கு மூன்று ஆட்டங்களைக் காட்டுகிறார். முதலாவது, 2016 அக்டோபரில் டெக்சாஸ் டெக்கும் ஓக்லஹோமாவும் ஆடியது. மஹோம்ஸ் 734 கஜம் எறிந்தார். இரு அணிகளும் ஆளுக்கு 854 கஜம், ஒரு கஜம்கூட வித்தியாசமில்லாமல் முன்னேறின. டெக் 66-59 என்று தோற்றது. இரண்டாவது, 2019 செப்டம்பரில் லீச்சின் வாஷிங்டன் ஸ்டேட் 49-17 என்று முன்னணியிலிருந்து, ஆந்தனி கார்டன் ஒன்பது டச்டவுன் எறிந்தும், யு.சி.எல்.ஏ.விடம் 67-63 என்று வீழ்ந்தது. இவ்விரண்டும் நம்மை அசைக்கவில்லை. முதலாவது எதிரணியைத் தடுக்கத் தெரியாத அணியின் கதை. தவிரவும் வென்ற ஓக்லஹோமாவின் தாக்குதலை வடிவமைத்த லிங்கன் ரைலி, லீச்சிடம் பயின்றவர். இரண்டாவதில் வாஷிங்டன் ஸ்டேட் ஆறு முறை பந்தைப் பறிகொடுத்தது. ஆறு முறை பறிகொடுத்த அணி எந்தப் பாணியில் ஆடினாலும் தோற்கும்.

மூன்றாவது ஆட்டம்தான் உறுத்துகிறது. 2020 செப்டம்பரில், மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு வந்த லீச்சின் முதல் ஆட்டத்தில், அவருடைய குவார்ட்டர்பேக் 623 கஜம் எறிந்து, முந்தைய ஆண்டின் தேசிய வாகையரான எல்.எஸ்.யு.வை 44-34 என்று வென்றான். தென்கிழக்குக் கூட்டமைப்பின் வரலாற்றில் அது சாதனை அளவு. ஒரே வாரம் கழித்து, கூட்டமைப்பு ஆட்டங்களில் தொடர்ந்து இருபது முறை தோற்றிருந்த ஆர்கன்சாஸ் அதே அணியை 21-14 என்று மடக்கியது. செய்தது சிக்கலான காரியம் அன்று. மூவரை மட்டும் பாயவிட்டு எண்மரைப் பின்னே நிறுத்தியது. ஐந்து ரிசீவர்களுக்கு எட்டுக் காவலர்கள் என்றால் புல் எங்கே மிஞ்சும்?

இங்கே நாம் லீச்சின் பக்கம் நிற்கப்போவதில்லை. எண்மர் பின்னே போனால் நடுவில் மிகச் சிலரே நிற்கிறார்கள் என்பது விரிநிலையின் முதல் பாடம். முதல் பாடம் சொல்வது, பந்தை ஏந்தி ஓடு. லீச்சுக்கு ஓடுவதில் விருப்பமில்லை. குவார்ட்டர்பேக்குக்கு ஆட்டத்தை மாற்றும் உரிமையைக் கொடுத்தவர்தான். ஆனால் மாற்றிச் செல்லத்தக்க ஓட்டங்களைச் செதுக்குவதில் அவர் உழைக்கவில்லை. தாம் கண்டுபிடித்த கணக்கைத் தாமே பாதி வழியில் விட்டுவிட்டார். ரைலி அந்த மறுபாதியைச் செய்தார்: முன்வரிசைக் காவலர் இருவரை இழுத்து மறுபுறம் ஓடவிட்டு, அவர்களுக்குப் பின்னே ஓட்டக்காரனை அனுப்பும் ‘கவுண்டர்’ ஓட்டத்தை ஏர் ரெய்ட்டின் உள்ளேயே பொருத்தினார். அவருடைய குவார்ட்டர்பேக்குகள் 2017, 2018 ஆகிய அடுத்தடுத்த ஆண்டுகளில் ஹைஸ்மன் விருது பெற்றார்கள். ஆகவே குறை, ஆடுபவனை நம்பியதில் இல்லை. அவன் கண்டதற்கேற்ற விடையைக் கையில் கொடுக்காததில் இருக்கிறது. லீச்சைப் புனிதராக்கும் எண்ணமும் நமக்கில்லை. தலையில் அடிபட்ட மாணவ வீரர் ஒருவரை நடத்திய விதம் குறித்த குற்றச்சாட்டில் 2009 டிசம்பரில் டெக்சாஸ் டெக் அவரைப் பணிநீக்கியது. அவர் அதை மறுத்து வழக்காடினார். களத்தில் மாணவனை நம்பிய முறையைப் போற்ற, அதை உருவாக்கியவரின் எல்லாச் செயல்களுக்கும் நாம் ஜாமீன் நிற்கத் தேவையில்லை.

பலகை தூக்குபவர்களுக்கு வருவோம். அவர்கள் சொல்லும் நியாயம் இது: பையனுக்கு வயது பத்தொன்பது, ஆட்டம் கோடிக்கணக்கான டாலர் விவகாரம், மேலே கூண்டில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர்களுக்குக் களம் முழுவதும் தெரிகிறது, ஆகவே அவர்கள் பார்த்து, அவர்கள் முடிவுசெய்து, அவனிடம் சொல்லட்டும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலிருந்து பார்ப்பவர் பார்ப்பது பந்து புறப்படுமுன் நிற்கும் நிலையை. எதிரணியும் மூடர்களல்லர், பலகை இறங்கும்வரை ஒரு வேடத்தில் நின்று, பந்து புறப்பட்டதும் வேடம் கலைப்பார்கள். அப்போது பலகையில் கோழிப் படம் இருந்தாலென்ன, குதிரைப் படம் இருந்தாலென்ன? அடுத்த இரண்டரை நொடிகளுக்கு அந்தப் பையன் தனியன். தனியாகப் பார்க்க அவனை ஒருநாளும் பழக்காமல், அந்த இரண்டரை நொடிகளில் மட்டும் அவன் ஞானியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். தவறினால் பழி அவனுக்கு; வென்றால் பயிற்சியாளர் ‘மேதை’.

நாம் இதில் கொதிப்பதற்குக் காரணம் மைதானத்தில் மட்டும் இல்லை. செய்யுளைக் கொடுத்து, மாணவன் அதை ஒருமுறை படிக்குமுன்பே பொருள், நயம், வினா, விடை எல்லாவற்றையும் எழுதிப்போடும் வகுப்பில் நாமும் பல ஆண்டுகள் நின்றிருக்கிறோம். தேர்ச்சி விழுக்காடு நன்றாகவே இருந்தது. ஒருமுறை பாடத்தில் இல்லாத ஒரு செய்யுளைக் கரும்பலகையில் எழுதினோம். நாற்பது முகங்களும் செய்யுளைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்தன.

2024 முதல் மேல்நிலைப் பிரிவு ஆட்டங்களில், களத்திலுள்ள ஒரு வீரனின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் நேரடியாகவே ஒலிக்கலாம் என்று விதி வந்துவிட்டது. ஆட்டக் கடிகாரத்தில் 15 நொடி மிஞ்சும்போது இணைப்பு துண்டிக்கப்படும். பலகைகளும் சைகைத் திருட்டும் குறையும் என்று வரவேற்றார்கள். குறையட்டும். ஆனால் நாற்பது நொடிக் கடிகாரத்தில், அணி சீக்கிரமே வந்து வரிசையில் நின்றுவிட்டால், எதிரணியின் நிலையைப் பார்த்துக்கொண்டே பயிற்சியாளர் அவன் காதில் ஓதிக்கொண்டிருக்கலாம். வேகமாக அணிவகுப்பது எதிரணியைத் திணறடிப்பதற்காகப் பிறந்த உத்தி. அது இப்போது தன் பையனின் காதைப் பிடித்துக்கொள்வதற்கான அவகாசமாகவும் மாறுகிறது. தடை செய்யப்படாத ஒன்றை மறுக்கும் துணிவு எத்தனை பயிற்சியாளர்களுக்கு இருக்கும்?

மறுப்பது இன்று முன்னெப்போதையும்விட அவசியம் என்கிறோம். 2021க்குப் பிறகு மாணவ வீரர்கள் கல்லூரி மாறுவது எளிதாகிவிட்டது. குவார்ட்டர்பேக் நான்காண்டு தங்கிப் படிப்படியாகக் கற்பான் என்று எவரும் திட்டமிட முடியாது. அப்படியானால் எல்லாவற்றையும் காதில் ஓதிவிடலாமே என்று தோன்றும். நடந்தது வேறு. 2018இல் கார்ட்னர் மின்ஷ்யூ ஈஸ்ட் கரோலினாவிலிருந்து வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு ஒரே ஒரு பருவத்துக்காக வந்து, லீச்சின் குறைந்த ஆட்டங்களைக் கற்று, களத்தில் மாற்றும் உரிமையையும் பெற்று, 4,779 கஜம் எறிந்தார். அணி பதினொரு ஆட்டங்கள் வென்றது. அப்பல்கலைக்கழக வரலாற்றில் அதற்கு முன் அத்தனை வெற்றி ஒரு பருவத்தில் இல்லை. 2021இல் பெய்லி ஸாப்பி, ஹியூஸ்டன் பாப்டிஸ்ட்டிலிருந்து தன் ரிசீவர்கள் சிலரோடும் தாக்குதல் பயிற்சியாளரோடும் வெஸ்டர்ன் கென்டக்கிக்கு மாறி, ஒரே பருவத்தில் 5,967 கஜமும் 62 டச்டவுனும் எறிந்து இரு சாதனைகளையும் முறியடித்தார். கற்கவேண்டியது குறைவாக இருந்ததால்தான் ஒரு பருவம் போதுமானதாக இருந்தது.

எனவே கல்லூரி அணி ஒன்றுக்கு இத்தாக்குதலை வடிவமைக்கப் புறப்படுபவர், முதலில் தம் ஆட்டப் பட்டியலைப் பாதியாக வெட்டட்டும். எஞ்சியதில் ஒவ்வொரு எறிதலோடும், ஆட்கள் குறைந்த நடுப்பகுதியைத் தண்டிக்கும் ஓர் ஓட்டத்தை இணைக்கட்டும். ஓட்டமா எறிதலா என்ற இறுதிச் சொல்லைக் குவார்ட்டர்பேக்கிடம் விட்டுவிடட்டும். பயிற்சியின் முதல் நாளிலிருந்தே விடட்டும். அவன் தவறாகத் தேர்ந்தால், ஏன் அதைக் கண்டாய், எதைக் காணவில்லை என்று ஆட்டப்பதிவின் முன் அமர்ந்து கேட்கட்டும். ஆட்ட நாளில் அவனைப் பக்கக்கோட்டைப் பார்க்கவிடாமல் இருக்கட்டும். சில ஆட்டங்களை இதனால் தோற்க நேரும். பெரிய சம்பளம் வாங்குபவருக்கு இது கடினமான ஆலோசனை என்பது தெரியும்.

நம் மாணவர் முதன்முதலில் அனுப்பிய பதிவு 2008 நவம்பர் 1 அன்று லபக்கில் நடந்த ஆட்டம். நாட்டின் முதல்நிலை அணியான டெக்சாஸ் 33-32 என்று முன்னணியில். டெக்சாஸ் டெக்கின் கையில் பந்து. எட்டு நொடி மிச்சம். எல்லை 28 கஜத்தில். லீச்சின் அணி ஆடியது அந்தக் குழந்தைக் கோட்டுப் படம்தான்: நால்வர் மேலே ஓடுகிறார்கள். கிரஹாம் ஹாரல் வலப்புற விளிம்பில் ஓடும் மைக்கேல் கிராப்ட்ரீயை நோக்கி எறிகிறார். கோட்டின் முனைக்கு அல்ல. காவலன் முந்திவிட்டதைக் கண்டு, அவருடைய பின்தோளுக்கு. கிராப்ட்ரீயும் அதையே கண்டிருக்கவேண்டும். ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி, பந்தைப் பிடிக்கிறார். எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் போதும், மூன்று புள்ளி உதைக்கு ஓரிரு நொடி கிடைக்கும். அவர் உள்ளே திரும்புகிறார், பிடிக்க வந்தவரை உதறுகிறார், எல்லையைக் கடக்கிறார். கடிகாரத்தில் ஒரு நொடி. முடிவு 39-33.

இந்தப் பதிவை அனுப்பியபோது அவர் நம் கட்சியில்தான் இருந்தார். போன வாரம் அதையே அவருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.